மூட்டைக் கம்பவுண்டரின் மான் வேட்டை

மான் வேட்டைக்குப் போய் மானோடு திரும்பியவர்கள் உண்டு. வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. வேட்டைக்குப் பை கட்டுவதிலேயே ஐந்தாறு மாதத்தை ஓட்டியவர் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் உத்திரமேரூர் மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். பெயர் என்னவோ ஒன்று இருந்தது. ஊருக்கு அவர் மூட்டைக் கம்பவுண்டர்.

அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் போனாலும் குடை, விசிறி, மாற்றுச் செருப்பு, அதுவும் அறுந்தால் தைக்க ஊசி நூல் என்று ஒரு மூட்டையோடுதான் கிளம்புவார். பக்கத்து ஊரான பெருநகருக்கு பஸ் ஏறினால் கண்டக்டர், "யோவ், வூட்டையே காலி பண்ணிக்கினு போறியா?" என்று அலறுவார். "நடுவுல பஸ் நின்னுட்டா?" என்பார் இவர். அந்தக் காலத்து பஸ், நிற்கவும் நிற்கும். அதே கண்டக்டர் இவரிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்.

அறுபதுகளின் ஆரம்பம். நான் அந்த ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவர் மனைவி அஞ்சலை அக்கா முழுகாமல் இருந்தார். அக்கா புள்ளலூர்ப் பக்கத்து வேட்டைக்காரர் ஒருவரின் ஒரே பெண். அப்பா காலமானதும் அவருடைய ஒற்றைக் குழல் துப்பாக்கி மாப்பிள்ளை கைக்கு வந்து, லைசென்ஸும் மாறி, சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மசக்கையில் மற்ற பெண்கள் மாங்காய் கேட்பார்கள், சாம்பல் கேட்பார்கள். அஞ்சலை அக்கா மான் கறி கேட்டார். அனுமதி வாங்கினால் மான் சுடலாம் என்றிருந்த காலம் அது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கம்பவுண்டர் மறுக்கவே இல்லை. மறுநாள் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"மரத்து மேல பரண் கட்டி ஒக்காந்துகினு சுடறதெல்லாம் சோம்பேறி வேல. நாம நடந்துகினே வேட்டையாடறோம். நடக்கறவனுக்கு பைதான் முக்கியம், இன்னா?"

"துப்பாக்கி, அண்ணே?"

"அது கெடக்குது. மொதல்ல பையி."

முதலில் தையற்காரரிடம் சாக்கில் ஒரு பை தைத்தார். அது தோளை அறுத்தது. அடுத்து ஒற்றைத் தோளில் மாட்டுகிற பை. அதை மாட்டியதும் மனுஷன் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார். கடைசியில் மெட்ராஸ் போய், பழைய மிலிட்டரி சாமான் கடையில், முதுகில் மாட்டுகிற பச்சைப் பை ஒன்றைப் பிடித்து வந்தார்.

அதற்கப்புறம்தான் பரீட்சை. வைத்தியத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கும் மாடுகளுக்குப் பின்னால், பையோடு பதுங்கிப் பதுங்கி நடப்பார். சத்தம் கேட்டு மாடு திரும்பிப் பார்த்தால் பை தோற்றது.

"மாடே திரும்பிப் பாக்குது, மான் நிக்குமா?" என்று மொத்தத்தையும் பிரித்து, மறுபடி அடுக்குவார். கயிறு, கத்தி, டார்ச், மஞ்சள் தூள், உப்பு, புளிச்சோற்று டப்பா என்று ஒவ்வொன்றையும் ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணியில் சுற்றிச் சுற்றி வைப்பார். ஒரு நாள் மாகறலிலிருந்து வந்த எருமை கடைசிவரை திரும்பவே இல்லை. "பை ரெடி!" என்று துள்ளிக் குதித்தார்.

"அதுக்குக் காது கேக்காது சாரு," என்றார் எருமைக்காரர். கம்பவுண்டர் உட்கார்ந்து மறுபடி பையைப் பிரித்தார்.

அந்த மாதங்களில் அவருக்கு இன்னொரு கிறுக்கும் பிடித்திருந்தது. நாய்க்கு உண்ணி எடுத்தால் நசுக்க மாட்டார். காகிதத்தில் பொட்டலம் கட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார். வேலைப்பளுவில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் மாதம் அஞ்சலை அக்கா பொறுமையிழந்தார். "இன்னிக்கி நீ போவலன்னா நானே துப்பாக்கி எடுத்துக்கினு போறேன்!" என்றார். வேட்டைக்காரர் மகள், சொன்னால் செய்வார். கம்பவுண்டர் பையை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைக் கையில் எடுத்தார். துணைக்கு நான்.

ஏரி தாண்டி, குன்றடிப் புதர்க்காட்டில் விடியற்காலையில் நடந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவு பெரிய பையிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட எழவில்லை. ஒரு திருப்பத்தில் கல்லெறி தூரத்தில் ஒரு புள்ளிமான், நல்ல கொம்போடு, எங்களைப் பார்த்தபடி நின்றது.

கம்பவுண்டர் மெதுவாக உட்கார்ந்தார். பையைத் திறந்தார். கயிறு வந்தது. டார்ச் வந்தது. மஞ்சள், உப்பு, மாற்றுச் செருப்பு, போர்வை, புளிச்சோறு எல்லாம் சத்தமில்லாமல் வந்து புல்லில் வரிசையாக உட்கார்ந்தன. மான் போகாமல் கடை விரிப்பதை வேடிக்கை பார்த்தது. பை காலியானது.

"தோட்டா எங்கண்ணே?" என்றேன் காதோடு.

"வெச்ச ஞாபகம்," என்றார்.

மான் சாவகாசமாகத் திரும்பிப் போயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புளிச்சோறு சாப்பிடலாமா?" என்றார்.

ஊர் ஒரு மாதம் சிரித்தது. "எங்க நைனா தோள்ல துப்பாக்கி மட்டும் மாட்டிக்கினு போவாரு, மானோட வருவாரு. இவரு சட்டி பானையெல்லாம் தூக்கிக்கினு போயி, கைய வீசிக்கினு வந்துகீறாரு," என்று அஞ்சலை அக்காவே தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் அதே பச்சைப் பை. உள்ளே மடித்த துணிகள், கிரைப் வாட்டர், சத்தம் வராதபடி பேண்டேஜ் சுற்றிய கிலுகிலுப்பை. எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சும் சொட்டு மருந்துப் புட்டியும்.

"இது எதுக்குண்ணே?"

"காதுக்கு. மான் கறிதான் குடுக்கலயே."

"தோட்டாவ மறக்காம எடுத்திருந்தா குடுத்திருக்கலாமே?"

உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புள்ளத்தாச்சி புருஷன் உசிரு எடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். சுட்டா ஒரு பேஜாரு, சுடலன்னா ஒரு பேஜாரு. நான் இன்னாதான் பண்றது? பையக் கட்டிக்கினு இருந்தேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் போன உண்ணிப் பொட்டலங்கள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன.

"ஊரே சிரிச்சுதே, சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா அவளும் பயப்படுவா. மசக்கைல இருந்தவளுக்கு அது எதுக்கு? சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

அந்தப் பெண்ணுக்குக் காதில் ஒன்றும் வரவில்லை. அடுத்த தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தால் இங்கே எழுந்து உட்காரும். கம்பவுண்டரை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் சிரிப்புத்தான் வரும், பிறகு அந்தப் பச்சைப் பை ஞாபகம் வரும். அவ்வளவு கனத்தை அவ்வளவு சத்தமில்லாமல் சுமந்த மனுஷனை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.