பேரில்லாத நாக்கு

தான் யாரென்று எந்தப் பயலுக்கும் தெரியக்கூடாது என்று சிவப்பிரகாஷ் முடிவு கட்டிவிட்டார். மனுசன் என்ன கொள்ளையா அடித்தார்? புரோட்டா தின்றார். டாக்டர் சர்க்கரை என்று சொன்னதிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் ராகிக்களி, கீரைக் கடைசல். பொண்டாட்டி மயிலாத்தாள் போட்ட சட்டம். தென்னந்தோப்புக்குப் போகிறேன் என்று வண்டியை எடுப்பார். வண்டி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று எல்லைப் பக்கத்துக் கடைகளில் போய் நிற்கும். தின்றதோடு வாயைத் துடைத்திருந்தால் பிழைத்திருப்பார். இலையைப் படம் பிடித்து, முகநூலில் ‘பேரில்லாத நாக்கு’ என்று ஒரு கணக்குத் தொடங்கி, ஊருக்கு ருசி சொல்ல ஆரம்பித்தார்.

பாதுகாப்பு என்றால் அப்படியொரு பாதுகாப்பு. பேர் இல்லை, முகம் இல்லை. புது சிம். எந்த நேரம் எங்கே இருக்கிறார் என்று போன் காட்டாதபடி அடைத்து வைத்தாயிற்று. கல்யாண மோதிரம் படத்தில் விழுந்துவிடக் கூடாதென்று கழற்றிச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் இலையில் கை வைப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, தங்கதுரை மகள் கல்யாணம் வரைக்கும். தங்கதுரை மயிலாத்தாளின் கூடப்பிறந்த அண்ணன். பந்தியில் உட்கார்ந்த நம்மாளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ‘சாம்பாரில் பருப்பைத் தேடினேன். பெண்ணோடு அதையும் சீதனமாக அனுப்பிவிட்டார்கள் போல’ என்று எழுதிப் போட்டார். ஊரே சிரித்தது. தங்கதுரை மட்டும் சிரிக்கவில்லை. “அவன் எவன்னு தெரியட்டும், நாக்க அறுத்துப் போடறேன்” என்று திரிந்தார். சிவப்பிரகாஷின் தோப்புக்கு வாய்க்கால் தண்ணீர் தங்கதுரை தோட்டத்து வழியாகத்தான் வரவேண்டும். நாக்கு போனாலும் போகட்டும், தண்ணீர் போனால் தென்னை அத்தனையும் பட்டுப்போகும்.

இந்த நிலைமையில் ஒருநாள் மயிலாத்தாள் களியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க மாமா, எங்க குடும்பஸ்ரீ குழுப் பொம்பளைங்க சேந்து களிக்கடை போட்டமல்லங்க, ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கறோம். அந்தப் பேரில்லாத நாக்கு ரெண்டு வரி எழுதுனா சனம் வருமாமுங்க. அவரை எப்படிங்க புடிக்கறது?”

“அவனையெல்லாம் புடிக்க முடியாது புள்ள.”

“ஏனுங்க?”

“பேரு போட்டானா? மூஞ்சியக் காட்டுனானா? போலீசே வந்தாலும் முடியாது.”

“அத்தனை கெட்டிக்காரருங்களா?”

“பின்னே.” சொந்தப் பெருமையைப் பிறத்தியாருடையது மாதிரி பேசுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அன்று மத்தியானமே பேரில்லாத நாக்குக்கு ஒரு செய்தி வந்தது. ‘வணக்கமுங்க அண்ணா. எங்க களியைப் பத்தி ஒரு வார்த்தை எழுதோணும். உங்க தங்கச்சி மயிலாத்தாள்.’

சிவப்பிரகாஷ் தோப்பில் தனியாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டின பொண்டாட்டியே அண்ணா என்கிறாள், இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்? மனசு இளகிவிட்டது. அவள் கட்டிக்கொடுத்த களியையே வாழையிலையில் வைத்துப் படம் பிடித்து, ‘சர்க்கரை உள்ளவர்கள் மூன்று வேளையும் இதையே சாப்பிடுங்கள். நானே புரோட்டாவை விட்டுவிட்டேன்’ என்று, களிக்கடை இருக்கும் இடத்தையும் சேர்த்துத் தாராளமாக அள்ளி விட்டார்.

மறுநாள் களிக்கடையில் நிற்க இடமில்லை. சாயங்காலம் இவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

“எங்கீங்க?”

“தோப்புக்கு.”

“புரோட்டாவ உட்டுட்டேன்னு எழுதிப்போட்டு இப்பக் கெளம்பறீங்களே.”

சாவி கீழே விழுந்தது. “நா எங்க எழுதுனேன்? அது எவனோ...”

மயிலாத்தாள் போனை எடுத்துப் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். ஒவ்வொரு இலையிலும் இடது மூலையில் ஒரு துண்டு தனியாக இருந்தது. சிவப்பிரகாஷ் குடும்பத்தில் முதல் வாய் குலசாமிக்கு. அதை எடுத்து வைக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். மோதிரத்தைக் கழற்றத் தெரிந்த மனுசனுக்கு இது நினைப்பிலேயே வரவில்லை.

“சாமிக்குப் புரோட்டா எடுத்து வெக்கறவரு இந்த ஜில்லாவுல வேற ஆருங்க?”

“எப்பக் கண்டுபுடிச்ச?”

“மொதப் படத்துலயேங்க.”

“அப்பறம் எதுக்கு இத்தன நாளு சும்மா இருந்த?”

“கடை தொறக்கட்டும்னுதானுங்க.”

“மயிலு, உங்கண்ணன்...”

“சாம்பாரு தண்ணிதானுங்க. அதப் போயி அண்ணங்கிட்ட நா எதுக்குச் சொல்றேன்? நீங்க பேரில்லாமயே இருங்க. நாளைக்குக் கொள்ளு ரசம் போடறோம்.”

மறுநாள் காலையில் சிவப்பிரகாஷ் கொள்ளு ரசத்தைப் பற்றி எழுதினார். மயிலாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“‘காரம் கொஞ்சம் தூக்கல்’னு இருக்குதுங்களே.”

“தூக்கலாத்தான இருந்துச்சு புள்ள.”

“நம்ம தோப்புக்குத் தண்ணி மொறை எப்பங்க?”

சிவப்பிரகாஷ் அந்த வரியை எடுத்துவிட்டார்.