கால்விரலில் இருந்த நகைச்சொத்து

பிள்ளைகளே, உங்கள் அப்பா பொய் சொல்லி அவமானப்பட்டதைவிட உண்மையைச் சொல்லி அவமானப்பட்டதுதான் அதிகம். அதிலும் உண்மையை எழுதி அவமானப்பட்டது ஒரே தரம். ஆயுசுக்கும் அது போதும். உங்கள் அம்மா இதை வேறு மாதிரி சொல்லியிருப்பாள். (அவள் சொல்கிற கதையில் நான் ரெண்டு தரம் மயங்கி விழுவேன். நம்ப வேண்டாம். நான் விழவில்லை. கொஞ்சம் சாய்ந்தேன், அவ்வளவுதான்.)

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்குச் சாயல்குடிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் வேலை. எல்லோரும் வெறுங்காலோடு பாத்தியில் இறங்குவார்கள். நான் மட்டும் ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்குவேன். முதலாளி வேண்டாமென்று தூக்கிப் போட்ட பூட்ஸ் அது. தண்ணீர் உள்ளே வர ஓட்டை இருந்தது. வெளியே போகத்தான் வழியில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை என் கால் அதற்குள் ஊறுகாய் மாதிரி ஊறும். ஆனாலும் கழற்ற மாட்டேன். உடன் வேலை பார்த்தவர்கள் என்னைத் 'துரை' என்று கூப்பிட்டார்கள். (கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் விளங்கியது.)

ஒரு வருஷத்தில் துரையின் இடது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. நகச்சொத்தை. நடக்க ஒரு தொந்தரவும் இல்லை. பார்க்கத்தான் சகிக்காது.

அந்தச் சமயம் பார்த்துத் திருப்புல்லாணியில் எனக்குப் பெண் அமைந்தது. உங்கள் அம்மாதான். நானோ தாய் தகப்பன் இல்லாதவன். முதுகுளத்தூரில் இருந்த என் அக்கா நாலு வருஷம் அலைந்து பிடித்த இடம். இது தவறினால் இனி தன்னால் முடியாது என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். பெண் பார்க்கப் போனபோது காலைச் சம்மணத்துக்குள் மடித்து வைத்துத் தப்பித்தேன். ஆனால் கல்யாணத்தில் எப்படித் தப்பிப்பது? அவர்கள் வழக்கப்படி மாமனார் மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்து, பால் விட்டு, தண்ணீர் விட்டு, தன் கையாலேயே கழுவித் துடைத்த பிறகுதான் மணவறைக்கு அனுப்புவார். சபையே சுற்றி நின்று பார்க்கும். இன்னும் மூன்று மாதம். 

ராமநாதபுரம் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். நகத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, புது நகம் முழுசாக வளர ஒரு வருஷம் ஆகும், அதுவரை தினம் ரெண்டு வேளை மருந்து பூச வேண்டும் என்று சொல்லி, சீட்டில் ஒரு சீமை மருந்தை எழுதினார். கம்பவுண்டர் விலையைச் சொன்னார். என் சம்பளத்தில் சரிபாதி. அதுவும் ஒரு புட்டி ஒரு மாதத்துக்குத்தான் காணும். பாதிப் புட்டி தர முடியுமா என்று கேட்டேன்.

"பாதி அளந்து ஊத்த இது என்ன மண்ணெண்ணெயாப்பா?" என்றார்.

ஒரு விரலுக்கு மட்டும்தான் வேண்டும் என்று விளக்கினேன். (பத்து விரலுக்கும் சேர்த்து விலை சொல்லிவிட்டார் என்று நிஜமாகவே நினைத்தேன்.) அவர் தலையில் அடித்துக்கொண்டார். சீட்டோடு டாக்டரிடம் போய், அதன் அடியில் வேறொன்று எழுதி வாங்கி வந்தார். ஊதா மருந்து. சில்லறைக் காசுதான். குணம் தெரிய நாளாகும், நகத்துக்கு மட்டும் லேசாகப் பூசு, சாயம் ஒட்டினால் சாமானியத்தில் போகாது என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் விலையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியும் மனசு அரித்தது. கழுவப்போகிற மனிதருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா? நேரில் சொல்ல நாக்கு எழாது. ஆகையால் மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். நான் ஐந்தாம் வகுப்பு. தமிழில் நான் தேறியது வாத்தியாருடைய இரக்கத்தால். எழுதியது இவ்வளவுதான்:

'எனக்குக் கொஞ்சம் நகைச்சொத்த உண்டு. மறைத்துக் கல்யாணம் செய்ய மனசில்லை. நாளுக்கு நாள் பெருகி வருகிறது. வெளியில் யாருக்கும் சொல்ல வேண்டாம்.'

பார்த்தீர்களா? 'த'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகார இணைக்கொம்பைக் 'க'வுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். நகத்தில் இருந்த சொத்தை நகையும் சொத்துமாக ஆகிவிட்டது. அது எனக்குத் தெரியாது. நாலு தரம் படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒட்டி அனுப்பினேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. குண்டு குண்டான அழகான எழுத்து. மறைக்காமல் எழுதிய என் குணம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பெருகி வருவது கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாம். மேலும் பெருக ஆண்டவன் அருள வேண்டுமாம். கல்யாணத்தன்று கூச்சப்படாமல் கொண்டுவர வேண்டுமாம், சபையில் நாலு பேர் பார்க்கட்டுமாம்.

 மேலும் பெருகவா? நாலு பேர் பார்க்கவா? இவர் மகானா, இல்லை சபையில் வைத்து என்னை நாறடிக்கத் திட்டம் போடுகிறாரா? எத்தனையோ யோசித்து, மகான்தான் என்று முடிவு கட்டினேன். ஆனால் எல்லோரும் பார்க்கப்போகிற நகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? ரெண்டு வேளை பூச வேண்டியதை ஐந்து வேளை பூசினேன். கல்யாணத்தன்று காலையில் மட்டும் மூன்று தரம்.

மாமனாருக்குக் கண் கொஞ்சம் மங்கல். தாம்பாளத்தில் என் காலை வைத்து, பாலை விட்டு, பயபக்தியோடு தேய்த்தார். பால் கத்திரிப்பூ நிறமாக மாறியது. அவர் தண்ணீரை விட்டார். கத்திரிப்பூ கத்திரிக்காய் ஆனது. அவர் தன் ரெண்டு கையையும் முகத்துக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் ஊதா. மேளக்காரர் எட்டிப் பார்த்ததில் தாளம் தப்பியது.

"மாப்ள, இது என்னது?"

"எழுதியிருந்தேனே மாமா. நகச்சொத்த."

"நகைச்சொத்து எங்க?"

"இதான் மாமா," என்று பெருவிரலை ஆட்டிக் காட்டினேன். "நாலு பேர் பார்க்கட்டும்னு எழுதியிருந்தீகளே, அதான் மறைக்கல."

அவர் என் விரலையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் சபையில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பரவுவது எனக்குக் காதில் கேட்டது. மாப்பிள்ளை கொண்டுவந்த நகை இதுதானாம் என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் சித்தப்பா ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நகை கிடக்கட்டும், இது பெரிய வியாதியாக, குஷ்டமாக இருந்தால் எங்கள் பிள்ளையின் கதி என்ன என்று கேட்டார். பூஞ்சைதான் என்று டாக்டர் சொன்னார் என்றேன். துண்டையும் செருப்பையும் மாற்றிப் போட்டால் ஒட்டும் என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். (அக்கா என் முதுகில் கிள்ளினாள். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த எனக்குத் தெரியாது.)

சித்தப்பா ஒரு பொம்பளையிடம் ஊக்கு கேட்டு வாங்கினார். பெரிய வியாதி என்றால் குத்தினால் உறைக்காது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.  உறைத்தால் கல்யாணம், உறைக்காவிட்டால் நான் முதுகுளத்தூர் பஸ்ஸைப் பார்க்க வேண்டியதுதான். நான் ஆம்பிளையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது என்று முடிவு செய்தேன். (என் மூளை அப்படி.) அவர் குத்தினார். நான் தாங்கினேன். சத்தமே போடவில்லை.

"பாத்தீகளா, உறைக்கல," என்றார் சித்தப்பா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இன்னொரு தரம் குத்துங்க சித்தப்பா," என்று கெஞ்சினேன். அவர் கோபத்தோடு ஆழமாகவே குத்தினார். நான் போட்ட கூப்பாட்டில் பந்தலுக்கு வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

வியாதி தீர்ந்தது. நகை தீரவில்லை. மாமனார் எழுந்திருக்காமல் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஏமாந்துவிட்டோம் என்று எழுந்து போகவும் அவருக்கு உரிமை உண்டு. கண் மங்கலான தனக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டிய மகளைக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து உங்கள் அம்மா, மணக்கோலத்தில், நிலைக்கதவு வரைக்கும் வந்தாள்.

"நான்தான்ய்யா வாசிச்சேன். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி வாசிச்சேன்."

"பதில் எழுதினதும் நீதான. அப்பவும் தெரியலையா?"

"அப்பத்தான் தெரிஞ்சது. நகையும் சொத்தும் இருக்கிற ஆளு உப்பளத்துல எதுக்கு நிக்காகன்னு யோசிச்சேன். கொம்பை மாத்திப் போட்டுப் பாத்தா நகச்சொத்தைன்னு வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவீக. நகத்தையே மறைக்க மனசில்லாத ஆளு, வேற என்னத்த மறைச்சிறப் போறாகன்னு விட்டுட்டேன்."

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் காலைத் துடைத்தார். புதுத் துண்டு, பாழாய்ப் போனது. "இந்தத் துண்டை வேற யாரும் எடுக்காதீக," என்று மட்டும் சொன்னார். மேளக்காரரைப் பார்த்து, வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அவர் கை வெளுக்க ஒரு மாதம் ஆனதாம். தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள். எனக்கு ஒரு பெட்டி வைத்துக் கொடுத்தார். உள்ளே அந்தச் சீமை மருந்துப் புட்டி. அதற்குப் பிறகு மாதம் தவறாமல் ஒன்று, புது நகம் முழுசாக வளரும்வரை. பூட்ஸை உங்கள் அம்மா கிணற்றடியில் வைத்துக் கொளுத்தினாள். மூன்று நாள் நாறியது.

இன்றைக்கும் அந்த வீட்டுக் கல்யாணம் எதிலாவது மாப்பிள்ளைக்குக் கால் கழுவும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: "யாருக்கிட்டயாவது ஊக்கு இருக்கா?" பந்தலே சிரிக்கும். மூத்தவனே, அடுத்து உன் முறை. எவனாவது விளையாட்டுக்கு ஊக்கோடு வருவான். உன் அப்பன் மாதிரி வீரம் காட்டாதே. குத்துவதற்கு முன்னாலேயே கத்திவிடு.