ஒட்டுத் தகரம் போட்ட டகோட்டா

அன்று பத்து பெரண்டம் என்ற ஊரின் விமானத் திடல் வேலியோரம் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். திரிஷா என்ற மூன்று சக்கர சைக்கிள் வண்டி மிதிக்கும் நான். திடலில் கிராணியாக, கணக்கு எழுதும் வேலை பார்த்த ஆரோக்கியம். சிகரெட் பற்றவைத்த வெள்ளைக்கார பைலட். தலையில் கடலைத் தட்டோடு டகோட்டா.

டகோட்டா என்பது ஆள். எங்கள் காஜா பேராங் தெருவில் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, விற்றவர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கடலை விற்ற மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

விமானச் சத்தம் கேட்டால் தலை நிமிரும். தட்டு சரியும். கடலை கொட்டும். எங்கள் தெருக் கோழிகள் இதைத் தெரிந்துவைத்திருந்தன. சத்தம் கேட்டதும் அவரைத் தேடி ஓடும். கோழிகள் கொழுத்தன. அவர் இளைத்தார்.

அப்போது பறந்ததில் பாதி டகோட்டா விமானம். எங்களுக்கு எல்லாம் ஒன்று. அவருக்கு அப்படியில்லை.

"அது பட்டாளத்துது. ரெட்டைக் கதவு, ஜீப்பே உள்ள போவும். இது ஆளு ஏத்துறது, ஒத்தைக் கதவு. வயித்துல ஒலிபெருக்கி இருந்தா, காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரன வெளிய வான்னு கூப்பிடுறது."

"எல்லாம் ஒரே டகோட்டாதானே அண்ணே?"

"உங்க வூட்டுல ஆறு பேரு. எல்லாம் ஒரே ஆளாடா?"

சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷம் ஊரே கொடியைப் பார்த்தது. அவர் மேலே போன விமானத்தின் கதவைப் பார்த்தார். பின்னால் நின்ற அம்மாள் தலையில் ஒரு தட்டுக் கடலை. அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பைத்தியம் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் திடலுக்கு என் வண்டியில் ஏறினார். வழியில் அவராகவே சொன்னார்.

ஜப்பான்காரன் அவரையும் தம்பியையும் ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோனான். சண்டை முடிந்தபோது தம்பிக்குக் காய்ச்சல். நினைவு தப்பியிருந்தது. நோயாளிச் சிப்பாய்களைத் தூக்கிப்போக ஒரு டகோட்டா வந்தது. வரிசையில் கிடந்த தம்பியையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள்.

"தண்ணி மொள்ளப் போனேன்டா. வர்றதுக்குள்ள கதவ சாத்திட்டான். ரெட்டைக் கதவு. அதுக்குக் கீழ ரொட்டி அளவுக்கு ஒட்டுத் தகரம்."

"கண்டுபிடிச்சு என்னா செய்வீங்க?"

"டிரைவரக் கேப்பேன். செமாபோக் போற பஸ்காரனுக்கு யாரு எங்க இறங்குனான்னு தெரியுதுல்ல? இவனுக்குத் தெரியாதா?"

நான் மிதித்தேன்.

திடலில் நின்றது ஒற்றைக் கதவு. திரும்பலாம் என்றேன். அவர் வேலியில் முகத்தை அழுத்திப் பார்த்தார். சின்னக் கதவைச் சுற்றி, பெரிய கதவு இருந்த இடத்தில் ஆணி வரிசை. இரட்டைக் கதவை அடைத்து, ஒற்றையாக்கி, ஆள் ஏற்ற விட்டிருந்தார்கள். கீழே ஒட்டுத் தகரம்.

"இதுதான்லா!"

தட்டு விழுந்தது. அவர் குனியவே இல்லை.

சத்தம் கேட்டு ஆரோக்கியம் வந்தார். விஷயத்தைக் கேட்டு, பைலட்டை வேலியருகே அழைத்துவந்து இங்கிலீஷில் சொன்னார். பைலட் சிரிக்கவில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டுப் பேசினார்.

"இவரு சயாமுக்குப் போனதே இல்லையாம் அண்ணே. இந்த விமானம் சண்டையப்போ ஐரோப்பாவுல ஓடுச்சாம். ஒட்டுத் தகரம் இல்லாத பட்டாள விமானமே கெடையாதுங்கிறாரு," என்றார் ஆரோக்கியம்.

டகோட்டா வேலிக் கம்பியை விடவில்லை.

"இதுமாதிரி மொத்தம் எத்தனை செஞ்சாங்களாம்? கேளு."

ஆரோக்கியம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லுலா," என்றார் டகோட்டா.

"பத்தாயிரத்துக்கு மேலயாம் அண்ணே."

டகோட்டா விரலை மடக்கினார். நீட்டினார்.

"நான் இருபத்தாறு பாத்துட்டேன்," என்றார். "மிச்சந்தான்."

சிதறிய கடலையை நான் பொறுக்கினேன். பைலட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் உருண்டதைப் பொறுக்கிக் கொடுத்தார். அதைத் துடைத்து ஒரு பொட்டலம் கட்டி அவருக்கே கொடுத்தார் டகோட்டா. காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி பேரு முத்துடா. கண்டா, அண்ணன் காஜா பேராங்லதான் இருக்கேன்னு சொல்லு."

எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து பெரண்டத்துக்குச் சவாரி கிடைத்தால், ஆளை இறக்கிவிட்டு வேலியோரம் போவேன். கதவுக்குக் கீழே பார்ப்பேன்.

இதுவரை பதினொன்று பார்த்துவிட்டேன்.