இரவு நல நடை

குடிநீர் அலுவலகத்தில் யாருக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. கோபப்படுகிறவர்கள் எல்லாரும் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தார்கள். அவர்களைச் சமாளிப்பதற்கென்றே புகார்ப் பிரிவில் ஒருத்தியை வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அலுவலகம் வைத்த பெயர் மணிக்குரல். "வணக்கம், குடிநீர்ப் புகார்ப் பிரிவு" என்று அவள் ஆரம்பித்தால் போதும். குழாயில் காற்று மட்டும் வருகிற எரிச்சலில் சண்டைக்கு வந்தவர்கள்கூட, "பரவாயில்லம்மா, மெதுவா பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இந்தத் திறமையை மெச்சி நிர்வாகம் அவளுக்கு நிரந்தரமாகப் பின்மாலைப் பணி கொடுத்திருந்தது. இருட்டிய பிறகுதான் ஜனங்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வருகிறதாம்.

வேலை முடியும்போது நள்ளிரவாகிவிடும். கடைசி பஸ் அதற்கு வெகு முன்பே போய்ப் படுத்திருக்கும். கணவருக்குப் பால் கிடங்கில் வேலை. விடிவதற்குள் எழுந்து ஓட வேண்டியவர். தூங்குகிற குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு அவர் அழைக்க வரவும் முடியாது. ஆகவே அலுவலக வேன் அவளை வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கும். அவள் உள்ளே போய் விளக்கைப் போடுகிறவரை ஓட்டுநர் அண்ணன் நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இப்படி ஓர் ஏற்பாடு வருஷக்கணக்காக யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துவந்தது. தொந்தரவில்லாமல் நடக்கிற எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று எங்கோ ஒரு விதி இருக்க வேண்டும்.

அப்போதுதான் நலவாழ்வு அதிகாரி வந்து சேர்ந்தார். மற்ற அலுவலகங்களில் எல்லாம் அப்படி ஒருவர் இருந்ததால் இங்கேயும் ஒருவர் தேவைப்பட்டார். அவர் மலைமேல் ஏதோ முகாமுக்குப் போய் வந்தவர். வெந்நீர்தான் குடிப்பார், நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போடுவார். வந்த வாரமே எல்லார் மணிக்கட்டிலும் ஒரு ரப்பர் பட்டையை மாட்டிவிட்டார். யார் எவ்வளவு நடக்கிறார்கள், யாருடைய இதயம் எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் அந்தப் பட்டை வழியாக அவருடைய கணினிக்குப் போய்விடும். தண்ணீர் எந்தக் குழாயில் எவ்வளவு போகிறது என்று சொல்லத்தான் அந்த அலுவலகத்தில் எதுவும் இல்லை.

ஒருநாள் மணிக்குரலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காராதீங்க," என்று அன்போடு வரவேற்றார். "உட்கார்றதுதான் எல்லா வியாதிக்கும் வாசல். வேலை நேரத்துல உட்கார்ந்துதான் இருக்கீங்களா?"

"ஃபோன் அடிச்சா எடுக்கணுமே சார். உட்கார்ந்துதான் எடுப்பேன்."

"வீட்டுக்கு எப்படிப் போறீங்க?"

"வேன்ல சார்."

"அதுலயும் உட்கார்ந்துதானே?"

வேனில் நின்றுகொண்டு போகவில்லை என்பதை அவள் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதுவே வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது: "மேற்படி ஊழியரின் உடல்நலத்துக்கு ஊறு விளைவித்துவந்த வாகனம் உடனடியாக விலக்கிக்கொள்ளப்பட்டு, அதற்கு ஈடாக 'இரவு நல நடை' என்னும் சலுகை அன்னாருக்கு மகிழ்ச்சியுடன் வழங்கப்படுகிறது." வேனில் உட்கார்ந்து இன்னும் யாராவது கெட்டுப்போய்விடப் போகிறார்களே என்று அதை அதிகாரி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும் தான் ஒருவராகவே அதில் உட்கார்ந்து போய், அந்தக் கெடுதலை எல்லாருக்காகவும் அனுபவித்தார்.

அன்று இரவு மணிக்குரல் நடந்தாள். பெரிய சாலை வரைக்கும் ஒன்றுமில்லை. அதைத் தாண்டினால் குடோன் தெரு. இரண்டு பக்கமும் பூட்டிய ஷட்டர்கள், விளக்கில்லாத கம்பங்கள். பாதி வழியில் ஒரு நாய் உறுமியது. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னும் சில உறுமின. அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது. எதிலோ தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்ந்தது. எழுந்து மறுபடியும் ஓடினாள்.

கதவைத் திறந்த கணவர் பதறிப்போனார். "என்ன ஆச்சு உனக்கு?"

"நலவாழ்வு," என்றாள் அவள், மூச்சு வாங்க.

காயத்தைக் கழுவி மருந்து போட்டவர், "பேசாம வேலையை விட்டுடு," என்றார்.

"விட்டுட்டு? வீட்டு வாடகைக்குப் பதிலா வீட்டுக்காரருக்கு முன்னாடி நாலு தடவை நடந்து காட்டலாமா?"

மறுநாள் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். அவர் கணினியைப் பார்த்துக் கண்கலங்கிப் போயிருந்தார்.

"இதோ பாருங்க, உங்க இதயம்! எப்படித் துடிச்சிருக்கு! இந்த அலுவலகத்துலயே யாருக்கும் இப்படி வந்ததில்ல. என்ன பண்ணீங்க?"

"நாய் துரத்துச்சு சார்."

"எத்தனை நாய்?"

"எண்ணுறதுக்கு நான் நிக்கல சார்."

"ரொம்ப நல்லது. நிக்காதீங்க. நின்னா துடிப்பு இறங்கிடும்."

"சார், எனக்குப் பயமா இருக்கு சார். வேனைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"பயம்னு சொல்லக் கூடாது. உத்வேகம்னு சொல்லணும்," என்றார் அதிகாரி.

அந்த மாதக் கடைசியில் கூட்டம் போட்டு, 'இதயச் செம்மல்' என்ற பட்டத்தையும் கூடவே ஒரு கோப்பையையும் அவளுக்குக் கொடுத்தார்கள். அவளுடைய படத்தை வரவேற்பறையில் மாட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து வருவாய்ப் பிரிவுத் தலைவருக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. துணைப் பொறியாளருக்குத் தூக்கம் போயிற்று. ஃபோன் எடுக்கிற பெண்ணுக்கு இருக்கிற இதயம் தங்களுக்கு இல்லையா என்று இரண்டு பேரும் தனித்தனியே வந்து அவளிடம் ரகசியமாக விசாரித்தார்கள்: "அது எந்தத் தெரும்மா?"

அடுத்த வாரம் குடோன் தெருவில் காலடி வைக்க இடமில்லை. அதிகாரிகள் காரில் வந்து தெருமுனையில் நிறுத்திவிட்டு, பளபளக்கும் காலணியும் நெற்றியில் கட்டிய விளக்குமாக நடந்தார்கள். மனைவிமார்கள் வந்தார்கள். மனைவிமார்களின் தங்கைகள் வந்தார்கள். நள்ளிரவு இருட்டில் நடப்பதுதான் நாகரிகம் என்று ஆனது. மற்ற அலுவலகத்துக்காரர்கள்கூட, "உங்க நாயெல்லாம் எப்படி, நல்லா துரத்துதா?" என்று பொறாமையோடு கேட்டார்கள். ஒருவர் தள்ளுவண்டியில் டீ விற்க ஆரம்பித்தார். நாய்கள் முதலில் குரைத்துப் பார்த்தன. அப்புறம் பிஸ்கட் கிடைத்ததும் குரைப்பதை விட்டுவிட்டு வாலை ஆட்டின. மணிக்குரல் கூட்டத்தோடு கூட்டமாக, ஆற அமர வீடு போய்ச் சேர்ந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அலுவலகம் அவளுக்குச் செய்த பெரிய நன்மை இதுதான். தெரியாமல் செய்துவிட்டார்கள்.

தெரிந்ததும் திருத்திக்கொண்டார்கள். மாதக் கடைசியில் அவளைக் கூப்பிட்டு ஒரு குறிப்பாணை கொடுத்தார்கள்: "தங்கள் இதயம் சென்ற மாதம் காட்டிய சுறுசுறுப்பை இம்மாதம் காட்டத் தவறியமைக்கு உரிய விளக்கம் அளிக்கவும்."

"பயம் போயிடுச்சு சார்," என்றாள்.

"அதைத்தான் கேக்கறேன். ஏன் போச்சு?"

"கூட்டமா இருக்குங்க. நாயெல்லாம் பழகிடுச்சு."

அதிகாரி நின்றபடியே கவலைப்பட்டார். எல்லாருடைய துடிப்பும் இறங்கிக்கொண்டிருந்தது. "நாய்களின் ஒத்துழைப்பு திருப்திகரமாக இல்லை" என்று மேலிடத்துக்கு எழுதியும் பார்த்தாயிற்று. மணிக்குரல் அவர் முகத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியே, நிழலில் சும்மா நின்றுகொண்டிருந்த வேனைப் பார்த்தாள். தொலைபேசியில் எத்தனையோ பேரின் கோபத்தை ஆற்றியவளுக்கு ஓர் அதிகாரியின் கவலையை ஆற்றத் தெரியாதா?

"சார், தப்பா நினைக்காதீங்க. நடக்கறவங்களுக்குப் பின்னாடியே ஒரு வண்டி வந்தா எப்படி இருக்கும்? விளக்கை அணைச்சுட்டு சத்தமில்லாம வரணும். திடீர்னு ஒரு ஹாரன்."

அதிகாரியின் கண்கள் விரிந்தன. "துடிக்குமே!"

"துடிக்காம எங்க போகும் சார்? ஆனா, யாருக்கு எப்ப அடிக்கணும்னு பார்த்துச் சொல்ல விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வண்டியில உட்காரணும்."

"உட்காரணுமா?" என்று அவர் தயங்கினார். பிறகு, "மேற்பார்வைன்னா உட்கார்ந்துதான் ஆகணும். அது வேற உட்கார்றது," என்று தெளிந்தார்.

மணிக்குரல் நடை மேற்பார்வையாளர் ஆனாள். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மேற்பார்வையாளர்களின் இதயத்தை அளப்பது மரபு இல்லை. ஹாரன் அமோகமாக வேலை செய்தது. வருவாய்ப் பிரிவுத் தலைவர் ஒருநாள் மதில்மேல் ஏறி, இதயச் செம்மல் ஆனார். சுற்று முடிந்ததும் வேன் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகும்.

மழை ஆரம்பித்ததும் அதிகாரிகளுக்கு அலுத்துவிட்டது. அறைக்குள் உட்கார்ந்தே செய்கிற மூச்சுப் பயிற்சிக்கு மாறினார்கள். குடோன் தெரு பழையபடி காலியானது. பிஸ்கட் நின்றுபோனதில் நாய்கள் கடுப்பாக இருந்தன. ஆனால் நல நடைத் திட்டம் மட்டும் ரத்தாகவில்லை. ரத்து செய்யக் கூட்டம் கூட்ட வேண்டும். கூட்டத்தில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை.

ஃபோன் எடுக்கப் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். முதல் நாள் வேலை முடித்து அவள் வாசலுக்கு வந்தபோது வேன் புறப்படத் தயாராக இருந்தது. ஒருபக்கம் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, நானும் குடோன் தெரு தாண்டித்தான் போகணும். ஏறிக்கட்டுமா?"

ஓட்டுநர் அண்ணன் கதவைத் திறக்கக் கையை நீட்டினார்.

"இருங்கண்ணே," என்றாள் மணிக்குரல். "நடக்கறவங்க மேற்பார்வை வண்டியில ஏறக் கூடாதும்மா. நேத்துதான் நானே உத்தரவு போட்டேன். நீ முன்னாடி போ, நாங்க பின்னாலயே வர்றோம்."

அந்தப் பெண் குடையை விரித்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினாள். வேன் விளக்கை அணைத்துக்கொண்டு மெல்லப் பின்தொடர்ந்தது. குடோன் தெருவின் நடுவில் மணிக்குரல் ஓட்டுநரின் தோளைத் தட்டினாள். ஹாரன் அலறியது. அந்தப் பெண் குடையைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். நாய்களும் எழுந்து அவள் பின்னாலேயே ஓடின.

மணிக்குரல் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "நல்லா வருவா," என்றாள்.