வீரனுக்கு வாங்கிய வாய்க்கூடு

சட்டம் எழுதுகிறவர்கள் அதை ஒரு தடவை தாங்களே மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நான் மாட்டிப் பார்த்தவன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பினாங்கில் நாய் உரிமம் எழுதும் ஆபீசில் சின்னக் கிராணி. (குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்வோம். சம்பளம் சின்னது, மிடுக்கு பெரிசு.) ஊரெங்கும் வெறிநாய் பயம். நாயை வீட்டு வளவுக்குள் சங்கிலியில் கட்ட வேண்டும். தெருவுக்கு வந்தால் வாய்க்கூடு கட்டாயம். இல்லாவிட்டால் நாய்வண்டி பிடித்துக்கொண்டு போய்விடும் என்று உத்தரவு. வண்டியில் போன நாய் திரும்பி வந்ததில்லை.

டத்தோ கிராமாட்டில் எங்கள் பக்கத்து வீட்டு வள்ளியக்காவின் நாய் வீரன். யார் கட்டினாலும் சங்கிலியிலிருந்து தலையை உருவிக்கொண்டு தெருவில் போய் நிற்பான். அவனைக் காப்பாற்ற, பாசார் கடைத்தெருவில் பெரிய தோல் வாய்க்கூடு ஒன்று வாங்கிப் போனேன். அக்காவின் தங்கை செல்லமும் வாசலில் நின்றதால், உத்தரவை வரி வரியாக விளக்கினேன்.

"இதப் போட்டா எப்படி தம்பி தண்ணி குடிக்கும்? மூச்சு முட்டாதா? பாவம் லா!" என்றாள் அக்கா. (பேச்சின் முடிவில் 'லா' போடுவது எங்கள் ஊர் வழக்கம்.)

நியாயமான கேள்வி. எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்த வயதில் எனக்கில்லை. "இதோ பாருங்கக்கா" என்று வாய்க்கூட்டை என் மூக்கின்மேல் பொருத்தி, வாரைப் பின்னந்தலையில் இறுக்கினேன். மூச்சு தாராளமாக வந்தது. தண்ணீர்? செல்லம் செம்பை நீட்டினாள். பாதி வயிற்றுக்குள் போனது, பாதி சட்டைக்குள் போனது. (ஆராய்ச்சி வெற்றி.) கழற்றப் பார்த்தேன். கொக்கி அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து நாய்வண்டி வந்தது. வீரன் வழக்கம்போல் தெருவில், வெறும் வாயோடு. நாய் பிடிக்கும் முனியாண்டி அண்ணன் கண்ணியை வீசி அவன் கழுத்தில் மாட்டிவிட்டார். அக்கா கதறினாள். இருந்த ஒரே வாய்க்கூடு என் முகத்தில்; நாய் போனால் என்னால்தான் போகும். ஓடிக் குறுக்கே நின்று, "விட்டுடுங்கண்ணே" என்று கெஞ்சினேன். தோலுக்குள்ளிருந்து வெறும் உறுமல்தான் வெளியே வந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். வீரனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கிராணி ஐயாவா? உத்தரவு நாய்க்குன்னுல்ல நெனச்சேன்! உங்களுக்கும் உண்டா லா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கயிறு தளர்ந்தது. வீரன் பழைய வித்தையைக் காட்டித் தலையை உருவிக்கொண்டு வளவுக்குள் பாய்ந்தான். செல்லம் சட்டென்று கதவைச் சாத்தினாள். வளவுக்குள் புகுந்து பிடிக்க அண்ணனுக்கு உத்தரவில்லை. தெருவெல்லாம் கூடிச் சிரித்தது. எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

கடைசியில் செல்லம்தான் பாக்குவெட்டியால் வாரை அறுத்து என்னை விடுவித்தாள். மறு வருஷமே அவளுக்குத் தாலி கட்டினேன்.

இன்றும் விருந்தாளிகளிடம் நான் ஏதாவது சட்டத்தை விளக்கத் தொடங்கினால், சமையலறையிலிருந்து குரல் வரும்: "பாத்துப் பேசுங்க. பாக்குவெட்டி தொலஞ்சு போச்சு!"