செக்கிங் சுவரைப் பார்த்து உட்கார்ந்த கதை

திருவொற்றியூரில் செக்கிங் தட்டிப் பார்க்காத பொருள் இரண்டே இரண்டுதான். ஒன்று கடல், இன்னொன்று ஓடுகிற ரயில். நின்றுகொண்டிருந்த ரயிலை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது சக்கரத்தின் சத்தம் சரியில்லை என்று கார்டைத் தேடிப் போய்ச் சொன்னதாக எங்கள் சந்தில் ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று அவர் மனைவி ஸ்டெல்லாம்மாவிடம் கேட்டேன். மூன்றாவது இல்லை, நாலாவது என்று திருத்தினார்.

எண்ணூர்ப் பக்கம் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் அவருக்கு ஒரே வேலை. ஆறி வரும் ஒவ்வொரு பீஸையும் மேலிருந்து கீழ்வரை கண்ணால் அளக்க வேண்டும். சின்னச் சுத்தியால் ஒரு தட்டு தட்டிக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' சொல்ல வேண்டும். அவர் ரிடையரானபோது கம்பெனி சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பியது. அந்தக் கண்ணையும் சுத்தியையும் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. இளநீர், மண்பானை, கேஸ் சிலிண்டர், கல்யாணப் பந்தல், எதிர்வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் பல்வரிசை என்று எதுவும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். சந்தில் யாருக்கும் தெரியாது; எல்லோருக்கும் அவர் செக்கிங்தான்.

நாங்கள் அவர் வீட்டு மாடிக்குக் குடிவந்த அன்று மேலே ஏறி வந்தார். பீரோவைத் தட்டினார், பாஸ். கிரைண்டரைத் தட்டினார், ரிஜெக்ட். என் கணவரை மேலும் கீழும் பார்த்துத் தோளில் ஒரு விரலால் தட்டி, பாஸ் என்றார். என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தார். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பாக்கலாம் என்றால் கம்பெனி பாஷையில் பெண்டிங் என்று பிறகு தெரிந்தது. என் மாமியாரே ஆறு மாதத்தில் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். செக்கிங் மூன்று வருடமாகியும் வரவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்த நாய் வந்தது.

அவர் மகள் வேலைபார்க்கும் ஆபீஸின் மேடம் அடையாறில் போட்டி நாய்கள் வளர்ப்பவர். அதில் ஒன்று கிரேட் டேன் ஜாதி, கன்றுக்குட்டி உயரம், சாம்பல் நிறம். நிறைய கோப்பைகள் வாங்கிய பிறகு, ஐந்து வயதானதும் அதற்கும் ரிடையர்மென்ட் கொடுத்துவிட்டார்கள். அதுவரை அது பார்த்தது கூண்டு, வேன், போட்டி மைதானம், மறுபடி கூண்டு. குடும்பம் என்றால் என்னவென்றே தெரியாது. ஏற்கெனவே இரண்டு வீடுகள் வாங்கிப் பார்த்து, பயந்து சாகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டன. மகள் அப்பாவிடம் கெஞ்சினாள். மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு மாதம் கழித்து நேரில் வந்து பார்ப்பார். நாய் இங்கேயும் ஒட்டவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போய் ஆயுசுக்கும் கூண்டிலேயே வைத்துக்கொள்வார்.

வேன் கதவு திறந்தது. சர்டிபிகேட்டில் அதன் பெயர் இரண்டு வரிக்கு இருந்தது. செக்கிங் கண்ணாடி போட்டு அதைப் படித்து முடிப்பதற்குள், இறங்கி நின்ற தோரணையைப் பார்த்துச் சந்து அதற்குக் 'கலெக்டர்' என்று பெயர் வைத்துவிட்டது.

கலெக்டருக்குப் பயமில்லாத பொருள் எது என்று பட்டியல் போட்டால் அரைப் பக்கம்கூட வராது. மொசைக் தரையைப் பார்த்தால் தண்ணீர் என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொள்ளும். குக்கர் விசில், கன்டெய்னர் லாரி ஹாரன், பிளாஸ்டிக் வாளி, ஸ்டெல்லாம்மா உதறும் போர்வை எல்லாவற்றுக்கும் நடுங்கும். ஒருநாள் ஒரு கொத்தமல்லிக் கட்டு மேஜையிலிருந்து விழுந்தது. அவ்வளவு பெரிய உருவம் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒளியப் பார்த்தது. தலை மட்டும் உள்ளே போயிற்று. மிச்ச நாய் ஹாலில் நின்றது.

ஆனால் ஒரு விஷயம். யாராவது அதை உற்றுப் பார்த்தால் போதும், பயமெல்லாம் போன மாதிரி ஒரு நிலைக்கு வந்துவிடும். முன்கால் இரண்டும் தூண் மாதிரி நேராகும். பின்கால் இரண்டும் பின்னால் போகும். கழுத்து நிமிரும், வாயைத் தொட்டால் தானே திறந்து பல்லைக் காட்டும், கண் இமைக்காது. இதைப் பார்த்த செக்கிங்குக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது.

"முப்பத்தோரு வருச சர்வீசுல இந்த மாரி ஒரு பீஸு என் கையில வந்ததில்ல மாடியூட்டும்மா. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரு கொறை கீதா சொல்லு."

அன்றிலிருந்து நாய்க்கு எதிரில் ஒரு சேரைப் போட்டுக்கொண்டு காலை முதல் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்க்கப் பார்க்க அது நின்றது. அது நிற்க நிற்க அவர் பார்த்தார். சந்தே வரிசையில் வந்து பார்த்தது. சிலிண்டர்காரர் பல்லைப் பார்த்தார். தபால்காரர் ரிஜிஸ்டர் தபாலை மறந்துவிட்டு வாலைப் பார்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சாப்பாடு மட்டும் தட்டில் அப்படியே கிடந்தது. நாலாம் நாள் மத்தியானம், செக்கிங் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலெக்டர் நாலு காலும் உதறி, அப்படியே சரிந்து விழுந்தது.

பெரம்பூரிலிருந்து ஒரு கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் பறந்து வந்தார். சின்ன வயசுதான். நாயைப் பரிசோதிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார், செக்கிங்கைப் பரிசோதிக்க அரை மணி நேரம். கடைசியில் நாய்க்கு உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"போட்டியில எதிர்ல ஒருத்தர் நின்னு பார்ப்பார் சார். அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் இது அசையக் கூடாது, உட்காரக் கூடாது. அப்படித்தான் பழக்கியிருக்காங்க. நீங்க காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. அதுக்கு இன்னும் போட்டி முடியவே இல்லை."

அன்று ராத்திரி செக்கிங் சாப்பிடவில்லை. ஒழுங்காக நிற்கிறது என்று பெருமைப்பட்டேனே, பயந்துகொண்டு நின்றிருக்கிறதே என்று ஸ்டெல்லாம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் காலை அந்தப் பாவமெல்லாம் போய்விட்டது, ஏனென்றால் வீடுவீடாகக் கதவைத் தட்டி ஓர் உத்தரவு போட்டுவிட்டார். இனி சந்தில் யாரும் கலெக்டரைப் பார்க்கக் கூடாது.

எங்கள் சந்தில் ஒன்றைப் பார்க்காதே என்று சொல்வது, பார் என்று தண்டோரா போடுவதற்குச் சமம். இருந்தாலும் செக்கிங் வாசலிலேயே நின்றதால் வேறு வழியில்லை. மீன்கார அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, மெட்ரோ தண்ணிக்குத் தோண்டிய பள்ளத்தில் வவ்வால் மீனோடு இறங்கினார். என் கணவர் தன் செருப்பைப் பார்த்தபடி ஆபீஸுக்குக் கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தார். ஒரு வாரம் எங்கள் சந்தைக் கடந்து போனவர்கள், இங்கே ஏதோ பக்தி இயக்கம் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து வார்டு வேட்பாளர் ஒருவர் கும்பிட்டபடி ஓட்டுக் கேட்டு வந்தார். எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரிப்பதுதானே அவர் தொழில்?

"ஓட்டு உனுக்குத்தான் நைனா," என்றார் செக்கிங். "தலைய குனிஞ்சிகினே போயிடு."

அவரும் போனார். ஜெயித்தும்விட்டார்.

ஊரை அடக்கினாலும் அவர் கண்ணை அவரால் அடக்க முடியவில்லை. கூலிங்கிளாஸ் போட்டுப் பார்த்தார், கலெக்டர் கண்டுபிடித்து நிமிர்ந்தது. பேப்பரில் ஓட்டை போட்டுப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்து நிமிர்ந்தது. திரும்பி உட்கார்ந்து ஷேவிங் கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடிக்குள் தெரிந்த அவர் கண்ணுக்கும் அது பல்லைக் காட்டியது. ஸ்டெல்லாம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் மனுஷனின் இரண்டு தோளையும் பிடித்து, ஒரு ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, எதிரில் மாதாக் காலண்டரை மாட்டிவிட்டார்.

சுவரும் சும்மா தப்பவில்லை. முதல் இரண்டு நாளில் ஏழு விரிசல் கண்டுபிடித்து, வீடு கட்டிய மேஸ்திரிக்குப் போன் போட்டார். மேஸ்திரி செத்துப் பத்து வருஷமாகிறது என்று அவர் மகன் சொன்னதும்தான் விட்டார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். நான் மாடிப் படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்குகிற மாதிரி, நாயைப் பார்க்காத மாதிரி பார்த்து, அவருக்குச் சொல்ல வேண்டும்.

"இன்னா பண்ணுது?"

"நிக்குது."

"இப்ப?"

"நிக்குதுங்க."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதே பேச்சு. எங்கள் வீட்டில் அந்த மாதம் சாப்பிட்ட அரிசியைப் போல் சுத்தமான அரிசி தமிழ்நாட்டில் யாரும் சாப்பிட்டிருக்க முடியாது.

ஸ்டெல்லாம்மா மொசைக் தரைமேல் கோணிப்பைகளைப் பாதைபோல் விரித்தார். கலெக்டர் கோணிமேல் நடந்தது. இரண்டு நாளைக்கு ஒரு கோணியை எடுத்தார்; தாண்டிக் குதித்தது. பிறகு ஒரு பாதத்தை மட்டும் தரையில் வைத்துப் பார்த்தது, தரை விழுங்கவில்லை. கீழ்வீட்டுக் குக்கர் என் சமையலறைக்கு மாடியேறி வந்தது. இரண்டு வீட்டுக்கும் நானே விசில் விட்டேன். தெருநாய் ஒன்று, ஒற்றைக் காது, கலெக்டரில் கால்வாசி இருக்கும், தினம் உள்ளே வந்து அதன் தட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, ஹால் நடுவில் மல்லாந்து தூங்கிப் போகும். கலெக்டர் அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். இப்படியும் ஒரு பிழைப்பு உண்டா என்று யோசித்திருக்கும்.

நாற்பதாம் நாளோ என்னவோ, அரிசியை விட்டுவிட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். கலெக்டரின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பாதியில் நிற்கிறது. சுற்றும் முற்றும் பார்க்கிறது. யாரும் பார்க்கவில்லை. மறுபடி இறங்குகிறது.

"ஐயா," என்றேன். "குந்திடுச்சு."

காலண்டரைப் பார்த்தபடி மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். திரும்பவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம் திரும்பிப் பாருங்கள் என்று நானே சொன்னேன். மாட்டேன், கெட்டுப்போகும் என்று தலையை ஆட்டினார்.

இரண்டு மாதக் கெடு முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். நல்லவர்தான். ஆனால் அந்தக் கண் இருக்கிறதே, அது செக்கிங் கண்ணுக்கு அக்கா. வாசலில் நின்று நாயை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். அவரைக் கீழே பார்க்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. படுத்திருந்த கலெக்டர் விருட்டென்று எழுந்தது. முன்கால் நேரானது. ஒரு பின்கால் பின்னால் போனது. ஸ்டெல்லாம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். செக்கிங் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னா பண்ணுது கண்ணு? சொல்லு."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நிக்குதுங்க," என்றேன்.

அவர் முதுகு அப்படியே தளர்ந்து குறுகியதைப் பார்த்தேன். கலெக்டரும் பார்த்ததோ என்னவோ, இன்னொரு பின்காலைப் பாதியிலேயே விட்டுவிட்டது. மேடத்தைப் பார்த்து ஒரு பெரிய கொட்டாவி விட்டது. மொசைக் தரையில் டக்டக்கென்று நடந்து போய், செக்கிங்கின் பின்னால் உட்கார்ந்து, தன் மொத்த எடையையும் அவர் முதுகில் சாய்த்தது. அவர் முன்னால் சரிந்தார். நெற்றி போய்க் காலண்டரில் ஒட்டிக்கொண்டது. அந்த நிலையிலேயே, காலண்டருக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"இன்னா இது, சுவரு வுழுதா?"

மேடம் சிரித்த சிரிப்பில் அவர் கண்மை கரைந்தது. ஐந்து வருடம் வளர்த்தவர், அது உட்கார்ந்து அன்றுதான் பார்த்தாராம். ஸ்டெல்லாம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கலெக்டரின் கழுத்துப்பட்டையை மட்டும் தடவிவிட்டு, கூண்டுப் பேச்சே எடுக்காமல் கிளம்பிப் போனார்.

எல்லோரும் வழியனுப்ப வெளியே போக, ஹாலில் நாங்கள் மூன்று பேர். கலெக்டர் அவர் முதுகிலேயே தூங்கிவிட்டது, எச்சில் அவர் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவர் நெற்றியைக் காலண்டரிலிருந்து எடுக்காமலே, "பாஸ்," என்றார்.

"கலெக்டரையா?"

"அத்த வந்த அன்னிக்கே பண்ட்டேனே. உன்னியச் சொன்னேன்."

மேலும் கீழும் பார்க்காமல், ஒரு தட்டுத் தட்டாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைப் பாஸ் பண்ணியிருக்கிறார். எனக்குக் கண் நிறைந்து வழிந்துவிட்டது. நல்லவேளை, அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.