மோட்டாசர் சமஸ்தானம் தன் முதல் கைதியைப் பெற்ற வரலாறு

உலக நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏதென்ஸில் ஏறி, ரோமாபுரியில் சற்று இளைப்பாறி, நேராக லண்டனில் போய் இறங்கிவிடுகிறார்கள். வழியில் குஜராத்துக் கத்தியவாரின் மோட்டாசர் சமஸ்தானத்தில் கொஞ்சம் நின்றிருந்தால், நீதி எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். மற்ற நாடுகளில் முதலில் குற்றம் வந்தது, பிறகு சிறை வந்தது. மோட்டாசரில் மட்டும்தான் சிறை முதலில் வந்து, வெள்ளையடித்துக்கொண்டு, குற்றத்துக்காகக் காத்திருந்தது.

மோட்டாசர் என்றால் பெரிய ஏரி என்று அர்த்தம். ஏரி கிடையாது. சமஸ்தானத்தின் பரப்பு இரண்டரைக் கிராமம். 'தர்பார்' எனப்படும் காத்தி குலச் சிற்றரசர்களிடையே அண்ணன் தம்பிகள் எதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது வழக்கம்; தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பிரித்து மிஞ்சியது இவ்வளவுதான். மூன்றாவது கிராமத்தின் மேற்குப் பாதி சித்தப்பா மகனுடையது. அந்த ஊர் எருமைகள் காலையில் ஒரு ராஜ்யத்திலும் மாலையில் இன்னொரு ராஜ்யத்திலும் சாணி போட்டு, இரு அரசுகளுக்கும் சமமான விசுவாசத்தோடு வாழ்ந்தன.

இந்த மகத்தான தேசத்தை ஆண்டவர் தர்பார் ஓகட் வாலா. அவருக்கு ஒரே ஒரு துக்கம். வெள்ளைக்காரத் துரைகள் சமஸ்தானங்களை ரயில் பெட்டிகளைப் போல வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மோட்டாசர் ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு ராஜா குடிமக்களைத் திட்டலாம், உதைக்கலாம். சிறையில் போட முடியாது. போன குளிர்காலத்தில் சித்தப்பா மகன் ஐந்தாம் வகுப்புக்கு உயர்ந்துவிட்டான். அரைக் கிராமத்துக்காரன் ஆளைச் சிறையில் போடுகிறான். இரண்டரைக் கிராமத்துக்காரர் வெறுமனே மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறார். எந்த மன்னனுக்குச் சோறு இறங்கும்?

தீபாவளி கழிந்ததும் ஏஜண்டு ஆப்பிள்யார்டு துரை வந்து பார்ப்பார், சிறை நிர்வாகம் திருப்தியாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு நிச்சயம் என்று செய்தி வந்தது. உடனே வேலை தொடங்கியது. கோட்டையில் உபரியாக இருந்த ஒரே அறை, தர்பார் தினமும் மதியம் சகாக்களோடு உட்கார்ந்து 'கசும்பா', அதாவது அபின் கரைத்த நீர், அருந்தும் கூடம். அதற்குக் கம்பி போட்டார்கள். குதிரைக்காரன் மாமத்தை ஜெயிலர் ஆக்கினார்கள். எல்லாம் தயார். கைதிதான் இல்லை.

மோட்டாசரில் அதுவரை யாரும் எதையும் திருடியதில்லை. ஒழுக்கம் ஒரு காரணம். திருடத் தகுந்த எதையும் தர்பார் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டது இன்னொரு காரணம்.

குயவன் புஞ்சா அன்று காலையும் கோட்டை முற்றத்தில் கழுதைகளின் முதுகிலிருந்து தண்ணீர்ப் பானைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஆற்றிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவன் குடும்பத்தின் வெட்டி வேலை. கூலி கிடையாது, 'கௌரவம்' உண்டு. கௌரவத்தைச் சுமந்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், கழுதைகள் படுத்துவிடும், அவனுடைய களிமண் ஆற்றங்கரையிலேயே காய்ந்து கிடக்கும். ஒரே ஒரு நாள் விடியற்காலையில் தன் கழுதையில் தன் மண்ணை ஏற்றிவர வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஆசையோடு அவன் தூங்கப் போவான்; கனவிலும் யாராவது குளிக்கத் தண்ணீர் கேட்பார்கள்.

"டேய் புஞ்சா, உள்ள வா" என்று கார்பாரி ஜடாசங்கர் கூப்பிட்டார். சமஸ்தானத்தின் மந்திரி அவர்தான், கணக்கர் அவர்தான், இப்போது நீதிபதியும் அவர்தான். "நீ நல்ல மனுஷன்தானே?"

"ஊர்ல அப்படித்தான் சொல்லிக்கிறாங்க சாகேப்."

"அதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கணும். சமஸ்தானத்துக்கு ஒரு குத்தவாளி வேணும்."

மந்திராலோசனை தொடங்கியது. திண்டில் சாய்ந்திருந்த தர்பார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொலைன்னு போடலாமா பாபு?" என்று கார்பாரி தர்பாரைக் கேட்டார்.

"யாரைக் கொன்னான்னு துரை கேப்பானே. இருக்கறதே கொஞ்சம் ஜனம். அதுலயும் ஒண்ணைக் குறைச்சா ஏழாம் வகுப்புல கொண்டுபோய்த் தள்ளிடுவான்."

"அப்ப மாட்டைக் கிளப்பிட்டுப் போனான்னு..."

தர்பாரின் கண் திறந்தது. "வாயைக் கழுவும் கார்பாரி! மாடு கிளப்பறது குத்தமா? அப்ப எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் யாரு?"

"வீரர்கள் பாபு, மகா வீரர்கள். குதிரைன்னு வெச்சுக்கலாமா?"

"குதிரையா! அடுத்தவன் குதிரையைக் கிளப்பித்தான் எங்க கொள்ளுத்தாத்தா இந்த ராஜ்யத்தையே ஸ்தாபிச்சார். அந்தப் பெருமையைத் தூக்கி ஒரு குயவனுக்குக் குடுக்கச் சொல்றீரா?"

புஞ்சாவுக்கு வெயில் ஏறுகிற கவலை. "கழுதைன்னு போட்டுக்குங்க சாகேப்" என்றான். "பாபுவோட வம்சத்துல கழுதையைக் கிளப்பினவங்க இருக்க மாட்டாங்க."

தர்பார் தம் முன்னோர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் விசாரித்தார். நேரம் பிடித்தது. "இல்லை" என்றார் கடைசியில், பெருமிதத்தோடு.

"ஆனா ஒண்ணு சாகேப். ஊர்ல கழுதை வெச்சிருக்கறவனே நான்தான். என் கழுதையை நானே எப்படித் திருடறது?"

"துரை வர்ற அன்னிக்கு மட்டும் அதெல்லாம் தர்பார் கழுதைன்னு சொல்லிடு. சும்மா பேருக்கு."

"எனக்கு?"

"துரை போன மறுநாள்லேர்ந்து உனக்கு வெட்டி வேலை கிடையாது. உன் கழுதை, உன் மண்ணு, உன் சூளை."

தர்பார் எழுந்து நின்று வாளின் பிடியில் கை வைத்தார். "சூரிய பகவான் மேல ஆணை" என்றார். காத்தி குலத்தில் அதற்கு மேல் ஆணை இல்லை.

புஞ்சா மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனான். மனைவி ரூடி கம்பு ரொட்டி தட்டிக்கொண்டே அவன் சொன்னதைக் கேட்டாள்; கடைசியில் தட்டுவதை நிறுத்தினாள்.

"திருட்டுப் பட்டம் கட்டிக்கப் போறியா?"

"பேருக்குத்தானடி."

"பேருக்குத்தான் உன்னை எனக்குப் புருஷன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் கழட்ட முடிஞ்சுதா?"

"பாபு சூரியன் மேல ஆணை போட்டிருக்காருடி!"

"சூரியனுக்கென்ன, சாயங்காலம் ஆனா அது பாட்டுக்குப் போயிடும்."

ஆப்பிள்யார்டு துரை குதிரையில் வந்தார். குஜராத்தியைப் புத்தகத்தில் படித்துத் தேர்ந்தவர். ஆகவே அவர் பேசுவது ஊரில் யாருக்கும் வாய்க்காத சுத்தத்தோடு இருக்கும். வெள்ளையடித்த சுவரைத் தடவிப் பார்த்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே, குதிரைக் கால் சங்கிலி பூட்டி உட்கார்ந்திருந்த புஞ்சாவைப் பார்த்துத் தலையசைத்தார். ஐந்தாம் வகுப்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது.

அப்போது மதியமாகியிருந்தது. அதுதான் பிசகு.

அந்தக் கூடத்தில், அந்த வேளையில், தர்பாரின் கை ஆண்டாண்டு காலமாக ஒரே வேலையைத்தான் செய்துவந்தது. அது வகுப்பு உயர்வைப் பற்றி யோசிக்கவில்லை. எதிரே இருப்பவன் குயவன் என்றும் பார்க்கவில்லை. மாடத்திலிருந்த கிண்ணத்தை எடுத்தது. கசும்பாவை உள்ளங்கையில் ஊற்றியது. கைதியின் வாயருகே நீட்டியது.

"எடு புஞ்சா."

புஞ்சாவும் பழக்கம் தெரிந்தவன். கொடுத்ததும் குடித்தால் மரியாதையில்லை. "ஐயோ வேண்டாம் பாபு, நீங்க முதல்ல."

"என் தலை மேல ஆணை. குடிக்கலைன்னா நான் செத்தேன்னு அர்த்தம்."

"அப்படிச் சொல்லாதீங்க பாபு" என்று புஞ்சா குனிந்து, அரசரின் உள்ளங்கையிலிருந்து உறிஞ்சினான். சங்கிலி கலகலத்தது. ஜெயிலர் மாமத் தன் முறைக்காக வரிசையில் வந்து உட்கார்ந்தான். கார்பாரிக்கு வந்த இருமல் அவர் உயிரோடுதான் போகும்போல இருந்தது.

"யாது இது?" என்றார் துரை.

இருமலின் அடியிலிருந்து கார்பாரி ஒரு பதிலைக் கண்டெடுத்தார். "மருந்து துரை. மனம் திருந்தற மருந்து. கைதிங்களுக்கு மகாராஜா தன் கையாலயேதான் குடுப்பார்."

துரையின் கண்கள் கலங்கின. கைதியை மனிதனாக நடத்தலாமா என்று அவர் ஊரில் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுக் கூட்டம் போட்டு முடிவுக்கு வராமல் இருந்தார்கள். இங்கே, ஒரு மண்கோட்டையில், அரசனே மண்டியிட்டுக் கைதிக்கு மருந்து புகட்டுகிறான்!

"குற்றவாளியே, நீ இக்குற்றத்தைப் புரிந்தாயா?"

புஞ்சா தன் சூளையை நினைத்துக்கொண்டான். விடியற்காலை, ஈர மண், யாருக்கும் தண்ணீர் சுமக்காத கழுதைகள். "ஆமா துரை. எல்லாம் தர்பாரோட கழுதைங்க. திருடினது நான்தான்."

"வருந்துகின்றாயா?"

"தினம் காலையில அதுங்க மூஞ்சியைப் பாக்கறப்போ ரொம்ப வருத்தமா இருக்கும் துரை."

ஐந்தாம் வகுப்பு அன்றே கிடைத்தது. மோட்டாசரின் சிறைச் சீர்திருத்தத்தைப் புகழ்ந்து துரை உருகி உருகி அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, ஆற்றங்கரை மாந்தோப்பில் கூடாரம் போட்டுக் கௌதாரி சுடப் போனார். தர்பார் ஊருக்கெல்லாம் வெல்லம் கொடுத்தார். சித்தப்பா மகனுக்கு இரண்டு கை நிறைய அனுப்பினார்.

மருந்தில் மனம் திருந்திவிட்டான் என்று அன்றே சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள்; மறுநாள் காலை புஞ்சா தன் கழுதைகளில் தன் மண்ணை ஏற்றினான். பாட்டுக்கூட வந்தது. பாட்டு முடிவதற்குள் சிப்பாய்கள் வந்து கோட்டைக்கு இழுத்துப்போனார்கள்.

"தண்ணி எங்கடா?" என்றார் கார்பாரி. தர்பார் குளிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"துரை போயாச்சே சாகேப். பாபு வாக்குக் குடுத்தாரே!"

"வாக்குக் குடுத்தது ஆறாம் வகுப்பு சமஸ்தானம். இது ஐந்தாம் வகுப்பு. கழுதை யாரோடது?"

"என்னோடது."

"துரைகிட்ட யாரோடதுன்னு சொன்னே?"

மாமத் குதிரைக் கால் சங்கிலியை மறுபடியும் எடுத்துவந்தான்.

ரூடி மாந்தோப்புக்கு ஓடினாள். துரை உடனே குதிரையேறி வந்தார்; நியாயத்துக்கு அவர் எப்போதும் தயார். கைதியைப் பார்த்ததும் முகம் வாடியது. "அதே மனிதன்! அதே கழுதைகள்! அத்தனை அன்பு காட்டிய பின்னருமா?"

"அது நாடகம் துரை!" என்றாள் ரூடி. "அதுங்க எங்க கழுதைங்க. இவரைத் திருடன்னு சொல்லச் சொன்னதே இவங்கதான்."

"பெண்ணே, தர்பார் அரசாங்கத்தை ஏமாற்றினார் என்கிறாயா?"

துரை சிந்தித்தார். இவள் சொல்வது நிஜமென்றால் அறிக்கை பொய். அறிக்கையோ மேலிடத்துக்குப் போய்விட்டது. போன அறிக்கை பொய்யாக முடியாது. ஆகவே போகாமல் நின்றிருந்த மனிதன் பொய்யனாக வேண்டியதாயிற்று. முதல் குற்றமானால் ஆறு மாதம். திருந்தாமல் இரண்டாம் முறை செய்ததால் ஒரு வருடம். கழுதைகள் உரியவரிடமே ஒப்படைக்கப்பட்டன. அவற்றை ஓட்டும் கௌரவம், ஆண் இல்லாத வீடென்று இரக்கப்பட்டு, ரூடிக்கே வழங்கப்பட்டது. துரை, தம் சீர்திருத்தம் வேர்பிடிப்பதை அருகிருந்து காண, ஒரு மாதம் கோட்டையிலேயே விருந்தாளியாகத் தங்கினார்; தர்பார், கார்பாரியோடு அவர் குளிக்கும் தண்ணீரும் ரூடியின் கௌரவத்தில் சேர்ந்தது.

அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, மோட்டாசரின் நிர்வாகம் கத்தியவாருக்கே முன்மாதிரி என மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. பாராட்டை மாமத் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். புஞ்சாவுக்கு ரொட்டி கொண்டுவந்த ரூடியிடம் கம்பிக்கு முன்னால் நின்று ஒப்பித்தான்.

"கேட்டுக்கம்மா! ராஜ்யம் பூராவுக்கும் திருடன் ஒரே ஒருத்தன்தானாம். அவனையும் பிடிச்சு உள்ள போட்டாச்சாம்."

ரூடி கழுதைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"ஒருத்தனைத்தானே போட்டிருக்கீங்க? மத்த மூணு பேரும் குளிக்கக் காத்துக்கிட்டிருக்காங்க. வழியை விடு, தண்ணி இறக்கணும்."